பிட்டின் கத்தி

போர்க்காலக் கேலிச்சித்திரங்களில் பெரும்பாலானவை போர் முடிந்த கையோடு செத்துப்போகும். எதிரித் தலைவனுக்குக் கொம்பு வைப்பது சுலபம்; உள்ளூர்க்காரன் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். லண்டனில் ஜேம்ஸ் கில்ரே 1805 பெப்ரவரி 26இல் வெளியிட்ட ‘ஆபத்தில் பிளம் புடிங்’ அந்த ரகம் அல்ல.

மேசை நடுவில் ஆவி பறக்கும் புடிங். அதுதான் பூமி. ஒரு பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட், எதிரே நெப்போலியன். நெப்போலியனுக்கு மேசை எட்டவில்லை. தலையை விழுங்கும் இறகுத் தொப்பியோடு நாற்காலியை விட்டு எழும்பி, வாளால் ஐரோப்பாவை அறுக்கிறான். அவனுடைய முள்கரண்டி குத்தி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: ஹனோவர், இங்கிலாந்து மன்னரின் பூர்வீகச் சொத்து! உண்மையில் அவன் உயரம் ஏறக்குறைய 5 அடி 6 அங்குலம், அக்காலத்தில் சாதாரண உயரம்தான். அவனைக் குள்ளன் என்று உலகம் இன்றும் நம்புவதில் கில்ரேயின் ‘குட்டி போனி’ படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்சிடும் வேலை இது. எழுத்துகளை இடவலம் மாற்றிப் பொறிக்க வேண்டும். நிறம் ஒவ்வொரு தாளிலும் கையால் தீட்டியது. இத்தனை கெடுபிடிக்குள்ளும் கோட்டில் ஒரு தயக்கம் கிடையாது.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது பிட். ஒல்லி, நெட்டை, முகத்தில் பதற்றமே இல்லை. திரிசூலம் போன்ற முள்கரண்டியைக் கடலில் குத்தி, அலுங்காமல் வெட்டுகிறார். அவர் துண்டுதான் பெரிசு. 1797இல் பிட் தரப்பிடம் உதவித்தொகை வாங்கிய ஓவியர் வரைந்தது இது. 1791இலும் கில்ரே தன் தரப்பை விட்டுவைக்கவில்லை: ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கிய கார்ன்வாலிஸைக் கழுதையில் ஏற்றி ஓடவிட்டு, கோட்டைச் சுவரில் நின்று திப்பு சுல்தான் அவர் மேல் சிறுநீர் கழிப்பதாகப் போட்டார். சொந்தத் தளபதிக்கே அந்தக் கதி.

இலங்கையின் ஹட்டனில் இருந்து பார்க்கும் எனக்கு இந்தப் படத்தில் வெறும் சிரிப்பு மட்டும் வருவதில்லை. நம் தீவு அந்த உருண்டையின் மறுபக்கம், கண்ணில் படாது. ஆனாலும் பிட்டின் கத்தி ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஒல்லாந்து பிரான்ஸின் கைக்குள் போனதைச் சாக்காக வைத்து 1796க்குள் கரையோரத்தை எடுத்தார்கள். 1802 அமியான் ஒப்பந்தம் அதை உறுதியாக்கியது. 1815 மார்ச்சில் கண்டியும், கூடவே இந்த மலைகளும். கோப்பியும் தேயிலையும் துரைமாரும், கூலிக்கு வந்த நம் பாட்டன் பூட்டனும் அதற்குப் பிறகு.

சித்தம் கலங்கிக் கிடந்த கில்ரே அதே 1815இல் ஜூன் 1ஆம் தேதி இறந்தார். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றது ஜூன் 18இல்.

பிரிட்டிஷ் மியூசியம் இந்தப் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறது. கைபேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். நெப்போலியனைப் பார்த்துச் சிரித்து முடித்ததும் மூடிவிடாதீர்கள்; எதிரே உட்கார்ந்திருப்பவரையும் ஒருமுறை பாருங்கள்.