உடையார்குடிக் கல்வெட்டும் கல்கியின் புனைவுரிமையும்

சான்றுகளை விட்டு விலகிக் கற்பனை செய்துகொள்ள வரலாற்றுப் புதின ஆசிரியருக்கு உள்ள உரிமை, அதாவது புனைவுரிமை, எங்கே படைப்புக்கு வலுவூட்டுகிறது, எங்கே அதைப் பலவீனப்படுத்துகிறது என்பதை ஆராய்வதற்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மிகவும் ஏற்ற நூலாகும். 1950களின் முற்பகுதியில் வார இதழ்த் தொடராக வெளிவந்த இப்புதினம், சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் கொலையைச் சுற்றிச் சுழல்கிறது.

சான்றுகள் மௌனம் காக்கும் இடங்களில் கல்கியின் கை தயங்குவதே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஆதித்தனின் தங்கை குந்தவையின் கணவர் என்ற அளவில் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வல்லவரையர் வந்தியத்தேவரை, வாய்த்துடுக்கும் சாகச வேட்கையும் நிறைந்த கதைநாயகனாக அவர் வளர்த்தெடுத்தார். கல்கி படைத்த நந்தினிக்கு வரலாற்றில் இடமே இல்லை. ஆயினும் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொய்தவன் என்று ஆதித்தன் சூடிக்கொண்ட விருதுப்பெயருக்குப் பின்னால் ஒரு மனிதனின் சாவு இருக்கிறது என்பதை வாசகர் உணர்வது, அவனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் அவளால்தான்.

சான்று வாய் திறக்கும் இடத்தில்தான் சிக்கல் எழுகிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலிலுள்ள, முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கொலைத் துரோகிகளுள் ஒருவனான ரவிதாசனைப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டத்துடன் சுட்டுகிறது. துரோகிகளுடையவை மட்டுமன்றி, அவர்களுடைய உறவினரின் உடைமைகளும் பறிமுதலுக்கு உள்ளான செய்தியையும் அது தருகிறது. பட்டமும் நிலமும் சுற்றமும் உடைய அந்தணன் ஒருவன், அரசின் உள்வட்டத்திலிருந்தே இளவரசனைக் கொல்லத் துணிந்தான் என்பது எந்தக் கற்பனைக்கும் இளைத்ததன்று. கல்கியோ அவனை ஆந்தைபோல் அலறும் மந்திரவாதியாக்கிக் காட்டில் அலையவிட்டார். தொடர்கதைக்கு வாராவாரம் திகில் தேவைப்பட்டிருக்கலாம், இழப்பு இழப்புதான்.

சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஏறிய உத்தம சோழன் செய்தியில் இழப்பு இன்னும் பெரிது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீடித்த அவனது ஆட்சி முடிந்த பின்னரே இத்தண்டனை கல்லில் பதிவாகியிருப்பதைக் கண்டு வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவன்மீதே ஐயம் கொண்டார். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை மறுத்தனர். கல்கி இவ்வழக்குக்குள் நுழையாமல், இளவரசனாக வளர்ந்த மதுராந்தகனை ஆள்மாறாட்டப் பிள்ளையாக்கி, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனையே உண்மையான உத்தம சோழனாக்கிவிட்டார். சிற்றப்பன் உத்தம சோழன் அரியணையை விரும்பியவரை ஆதித்தனின் தம்பி அருள்மொழி (பின்னாளைய முதலாம் இராசராசன்) அதை நாடவில்லை என்னும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தி இறுதிப் பாகத்தின் தியாகமாக மலர்வதற்கு இம்மாற்றம் வழிவகுத்தது. ஆனால் கள்ளங்கபடமற்ற ஒருவனுக்கு மகுடத்தை விட்டுக்கொடுப்பது எளிது. அண்ணனின் கொலைப்பழி நிழலாடும் ஒருவனுக்கு அதை விட்டுக்கொடுக்க நேர்ந்த அருள்மொழியை எழுதியிருந்தால், அத்தியாகம் இன்னும் கனத்திருக்கும்.