தாரமங்கலம் வாலி தூண்: ஒரு மதிப்பீடு

சேலத்துக்கு மேற்கே உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், கெட்டி முதலியார்களின் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் இன்றைய உருவம் பெற்றது. மேற்கு நோக்கிய கோயில். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை, கல் சங்கிலி, குதிரைவீரர் தூண்கள் என்று இங்கு வருவோருக்குக் காட்டப்படுபவை பல. அவற்றுள் பெரிதும் பேசப்படுவது இராமன்–வாலி தூண்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான்.

இதை "அதிசயம்" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவதுதான் வழக்கம். அங்குதான் இழப்பு. ஒளி இரு திசையிலும் ஒரே கோட்டில்தான் செல்லும். ஆகவே இதில் மந்திரம் எதுவும் இல்லை. உருவம் தூணின் எந்தப் பக்கத்தில் ஒதுங்கியிருக்கிறது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பவையே எல்லாம். சிற்பியின் திறம் கல்லைக் குடைந்ததில் மட்டும் இல்லை, நம்மை நிறுத்திவைத்த இடத்திலும் இருக்கிறது.

உரோமில், அகோஸ்தினோ கீஜி என்ற வங்கியாளருக்காகப் பெருத்சி கட்டிய வில்லா பார்னெசீனாவில் இதற்கு ஓர் உறவு உண்டு. ரபேல் வரைந்த கலாத்தியா ஓவியத்தைக் காணவே பலர் அங்கு போகின்றனர். மாடியில் பெருத்சியே தீட்டிய கூடத்தில், ஓவியத் தூண்களுக்கு அப்பால் உரோம் நகரம் தெரிவது போன்ற தோற்றம், குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் சரியாக அமையும். அது விருந்தினரை மகிழ்விக்கும் வித்தை. அங்கே இடம் தவறினால் தூண் கோணலாகத் தெரியும், அவ்வளவே.

தாரமங்கலத்தில் இடம் மாறினால் கதையில் நம் பக்கமே மாறுகிறது. மறைந்து நின்று அம்பெய்தது அறமா என்பது வாலி கேட்ட கேள்வி. கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலமும் அந்த வாதத்தை விரிவாகவே நடத்துகிறது. கோயிலோ வாதம் செய்யாமல், எய்தவன் கண்ணையும் வீழ்ந்தவன் கண்ணையும் முறையே நமக்குத் தருகிறது. வழிபாட்டிடத்தில் இதைச் செய்யத் துணிவு வேண்டும். தனித்தனியே பார்த்தால் இவ்விரு உருவங்களும் அக்காலத்தின் பிற தூண் சிற்பங்களைவிட உயர்ந்தவை என்று சொல்லமாட்டேன். இடைவெளிதான் இங்கு படைப்பு. அதனால்தான் ஒளிப்படங்கள் இத்தூணுக்கு நியாயம் செய்வதில்லை. செல்லும் மாணவர்கள் முதலில் வாலியிடம் நிற்பது நல்லது. பெரும்பாலோர் இராமனிடமிருந்தே தொடங்குகின்றனர். விடை தெரிந்தபின் வாலியின் குழப்பம் கிடைக்காது.