பூங்கா ஊழியர் பயிற்சி: ஏணியில் யார் ஏறலாம்?

மாணவர்களே, “பூங்கா ஊழியர்களுக்குப் பயிற்சி அவசியம்” என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிட்டு நிறுத்திடாதீங்க. என்ன பயிற்சி, யாருக்கு, படித்தவருக்கு என்ன கிடைக்கும் என்றும் கேளுங்க.

சிங்கப்பூரையே பார்ப்போம். இங்கே நிலவனப்புத் துறையில் 2016 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை நடப்பில் உள்ளது. ஊழியர், தொழில்நுட்பர், துணை மேற்பார்வையாளர், மேற்பார்வையாளர் எனப் படிகள் உண்டு. மேல்படிக்குப் போக அதற்குரிய பயிற்சியை முடிக்க வேண்டும். திறனையும் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டியது நல்ல ஏற்பாடு. சம்பளம் ஏறாத பயிற்சிக்கு யார்தான் மனசு வைப்பாங்க?

ஆனால் ஒரு குறை. அந்தச் சம்பள உறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. பக்கத்தில் புல் வெட்டும் வெளிநாட்டு ஊழியருக்கு அது எட்டாது. புல்வெட்டி தெறிக்கவிடும் கல் மட்டும் ஆள் பார்த்தா பறக்குது?

ஆகவே, நல்ல பயிற்சித் திட்டத்துக்கு மூன்று கேள்விகள்: ஊழியருக்குப் புரியும் மொழியில் நடக்கிறதா? தாளில் மட்டுமல்லாமல், கருவியைக் கையில் கொடுத்துச் சோதிக்கிறதா? கற்றவர் எவராயினும் பலன் சேர்கிறதா?

ஆசிரியர்களே, விவாதக் கட்டுரைக்கு இந்த மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பாராட்டும் குறையும் தீர்வும் தானாக வந்து அமையும்.