கையொப்பத்தின் விலை

நூல் சேகரிப்போரிடையே ஓர் அளவுகோல் உண்டு. ஆசிரியர் கையொப்பம் மட்டும் இட்ட பிரதிக்கு ஒரு விலை. இன்னாருக்கு அன்புடன் எனப் பெயர் குறித்து வழங்கிய பிரதிக்கு வேறொரு விலை. பெற்றவர் புகழுடையவராயின் மதிப்பு ஏறும். ஊர் பேர் அறியாதவராயின் வெறுங்கையொப்பத்திற்கும் கீழே இறங்குவதுண்டு. இவ்வளவுகோல் விலையைச் சொல்லும். அந்த எழுத்தின் பெறுமதியைச் சொல்லுமா? ஒரே காலத்து நூல்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, மார்ட்டின் லூத்தரை மறுத்து, ஏழு திருவருட்சாதனங்களைக் காக்கும் இலத்தீன் நூலொன்றை 1521 இல் வெளியிட்டார். ஒரு பிரதியில் தம் கைப்படக் காணிக்கை வரிகளை எழுதிக் கையொப்பமிட்டுத் திருத்தந்தை பத்தாம் லியோவுக்கு அனுப்பினார். வத்திக்கான் நூலகம் அதைப் பாதுகாத்து வருகிறது. 'விசுவாசத்தின் காவலர்' என்ற பட்டமும் மன்னருக்குக் கிடைத்தது. எழுதியவர் அரசர், பெற்றவர் திருத்தந்தை. சேகரிப்போர் கணக்கில் இதற்கு மிஞ்சிய பிரதி அரிது. ஆயினும் 1534 இல் அதே அரசர், இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் எனச் சட்டம் இயற்றுவித்தார். மை அழியவில்லை, எழுதியவர் மாறிவிட்டார்.

அந்நூலை ஒழுங்குபடுத்த உதவியவர் தாமஸ் மூர். திருத்தந்தையின் அதிகாரத்தைச் சற்றுத் தணித்தே எழுதுமாறு மன்னருக்கு அவர் ஆலோசனை கூறியதாகவும், மன்னர் இணங்கவில்லை என்றும் அவர் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதியுள்ளார். அந்த அதிகாரத்தின் பொருட்டே மூர் பின்னர் இலண்டன் கோபுரத்தில் சிறைப்பட்டார். அங்கே, பாரிசில் அச்சான தம் செபநூலின் பக்கங்களில், மேலும் கீழுமுள்ள வெற்றிடங்களில் செபமொன்றை ஆங்கிலத்தில் எழுதினார். உலகப் பற்றைத் துறந்து இறைவன்பால் மனத்தை நிறுத்த அருள் வேண்டும் செபம் அது. யாருக்கும் காணிக்கையாக எழுதியதன்று; எவரும் விலை மதிப்பார் என எண்ணி எழுதியதுமன்று. 1535 ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டுண்டது. அந்நூல் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பைனெக்கி நூலகத்தில் இருக்கிறது.

இரண்டும் காக்கப்பட வேண்டியவையே. முன்னது ஒருவர் சொன்ன சொல்லுக்குச் சான்று. பின்னது சொல்லியவாறே வாழ்ந்ததற்குச் சான்று. ஆகவே கையெழுத்தை மதிப்பிடும்போது, எழுதிய கை பின்னர் என்ன செய்தது என்பதையும் கேட்பதே நேரிய திறனாய்வு என்போம்.

இக்கேள்வி நம் வீட்டு அலமாரிக்கும் உரியது. முதல் நற்கருணைக்குப் பாட்டி தந்த செபநூலின் முதற்பக்கத்தில், கோணலான எழுத்தில் ஒரு பெயரும் தேதியும் இருக்கலாம். பழைய புத்தகக் கடைக்குப் போடுமுன் அந்தத் தாளை நாம் கிழித்தெறிகிறோம். பெயர் எழுதிய புத்தகம் விலை போகாது என்கிறோம். சந்தைக்கு அவர் ஊர் பேர் தெரியாதவர். அந்தக் கை நாள்தோறும் செபமாலை உருட்டியதை அறிந்தவர்கள் நாம். அறிந்த நாமே கிழித்துவிட்டால், அதற்குச் சாட்சி சொல்ல வேறு யார் இருக்கிறார்?