நம்பிக்கையும் எதிர்நோக்கும்: பஞ்ச காலத்துக் கிறித்தவத் தமிழ்ப் படைப்புகள் இரண்டு

முன்னுரை

கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய பணியைப் பேசுங்கால் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் எனப் பெயர்களையும், அகராதி, இலக்கணம், அச்சு, உரைநடை எனத் தொண்டுகளையும் வரிசைப்படுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வரிசை தவறானதன்று, ஆயினும் குறையுடையது. இப்படைப்புகள் எத்தகைய காலத்தில் எழுந்தன, அக்காலத்தில் துயருற்றோர்க்கு எதனைத் தந்தன என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் அத்தகையதொரு இருண்ட காலம். பஞ்ச காலத்தில் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ (1878), அதனையடுத்த ஆண்டுகளில் உருவாகி 1894இல் நூலாக வந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆகிய இரண்டையும் இக்கோணத்தில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

முதற்கண் ஒரு சொற்சிக்கலைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் நிலைத்து நிற்பன மூன்று என்கிறது. சீர்திருத்தத் திருச்சபையார் நெடுங்காலமாகப் பயிலும் விவிலியத்தில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என வழங்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலோ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என அமையும். முன்னதில் இரண்டாம் பண்புக்குப் பெயராக நின்ற ‘நம்பிக்கை’ பின்னதில் முதற்பண்புக்குப் பெயராகிவிட்டது. இறைவனைப் பற்றி நிற்றலும், வரவிருப்பதை எதிர்பார்த்து நிற்றலும் தமிழ் வழக்கில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தமையே இதற்குக் காரணம் எனலாம். இருண்ட காலத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. நல்லது வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்த பின்னும் பற்றி நிற்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு இரு புலவரும் தந்த விடைகள் வெவ்வேறானவை.

வேதநாயகம் பிள்ளை: வேண்டுதலும் கஞ்சியும்

1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பஞ்சத்தின்போது தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவ்வீகையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றியமை இலக்கிய வரலாறு அறிந்ததே. அக்காலத்து அவலத்தை இறைவனிடம் முறையிடும் பாடல்களையும் அவர் இயற்றினார்.

அவர்தம் கீர்த்தனைகள் எச்சமயத்தாரும் தம் கடவுளை நினைந்து பாடத்தக்கனவாக அமைந்துள்ளன. இதனைச் சமரச நோக்கு என்று கூறி அமைவதே திறனாய்வாளர் வழக்கம். பஞ்சப் பின்னணியில் நோக்குவார்க்கு இதன் காரணம் வேறாகத் தோன்றும். கஞ்சிக்கு வந்து நின்றோர் ஒரு சமயத்தார் அல்லர். பசி பொதுவாயிருக்கையில் முறையீடு மட்டும் ஒரு சபைக்கு உரியதாயிருத்தல் இயலாது. தம் சமயப் பெயரைப் பாட்டில் பின்னிறுத்திய புலவர், அச்சமயம் கற்பித்த கடமையைச் செயலில் முன்னிறுத்தினார். செயலோடு இணைந்து நின்றமையால் அவருடைய வேண்டுதல் கையாலாகாமையின் புலம்பலாகச் சுருங்கவில்லை.

கிருஷ்ணபிள்ளை: இருளில் நடத்தல்

1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. அவரது காப்பியத்துக்கு மூலம், சமய உரிமைக்காகப் பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையாகும். அதில் வழிகாட்டுவோன் சுட்டும் வாயில் பயணியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தொலைவில் ஓர் ஒளி மட்டும் தெரிவதுபோல் தோன்றுகிறது. அதனை நோக்கி நடக்குமாறு ஏவப்படுகிறான். மரண நிழற் பள்ளத்தாக்கிலும் இருள் உடனே விலகுவதில்லை. முன்னே நடக்கும் மற்றொருவனின் குரல் கேட்கிறது. அக்குரலே அவனுக்குத் துணிவு. வழிகாட்டல் என்பது முழுப் பாதையையும் காட்டுவதன்று, அடுத்த அடியை எடுத்துவைக்கச் செய்வது என்பதே இதன் உட்பொருள்.

கிருஷ்ணபிள்ளை இதனைப் பெயர்த்துத் தந்தவர் மட்டும் அல்லர். மூலத்தில் விரித்துரைக்கப்படாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். இதனால் வழிகாட்டுவோனே இருளுக்குள் முன்னர் நடந்தவனாகிறான். பயணி கேட்கும் குரலுக்கு உரியவன் யாவன் என்பது தெளிவாகிறது. காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரங்களும் அவர் சேர்த்தவையே. வடசொற் செறிவு மிக்க விருத்தங்கள் கற்றோர் அளவில் நின்றுவிட்டன. தேவாரங்களோ காப்பியத்தை ஒருபோதும் திறவாதவர் நாவிலும் வழங்குகின்றன. இது நூலின் குறையையும் நிறைவையும் ஒருங்கே காட்டுகிறது. துயருற்றோர் வேண்டியது உருவகத்தின் விளக்கத்தை அன்று; தாமே சொல்லத்தக்க தன்மைக் கூற்றினை.

கெடா மண்ணில்

பஞ்சமும் வறுமையும் கப்பலேற்றிய மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. பின்னர்த் தோட்டத் துண்டாடலும், ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டமையும் பலரை இடம்பெயர்த்தன. இவர்தம் வழிபாட்டு மரபில் பாட்டும் பயணமும் பிரியாதவை. ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலத்துக்குக் கெடாத் தமிழர் செல்கின்றனர். பிற சமயத்தாரும் உடன் செல்கின்றனர். வேதநாயகம் பிள்ளையின் சமரசமும் கிருஷ்ணபிள்ளையின் யாத்திரையும் ஒரே சாலையில் சந்திக்கும் இடம் இதுவெனலாம். கத்தோலிக்கத் திருச்சபை 2025இல் கொண்டாடிய யூபிலி ஆண்டின் கருப்பொருளும் எதிர்நோக்கையும் திருப்பயணத்தையும் இணைத்தே அமைந்தது.

முடிவுரை

இரு படைப்புகளும் துயர் விரைவில் தீரும் என்று உறுதி கூறவில்லை. ஒன்று, வேண்டுவோன் கொடுப்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது; மற்றொன்று, காணாத வாயிலை நோக்கி நடத்தல் வேண்டும் என்கிறது. நம்பிக்கை இவற்றில் மனநிலையாக அன்றி ஒழுக்கமாகவே அமைகிறது. இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘முதல் நாவலாசிரியர்’, ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டங்களோடு நில்லாது, மாணவர்தம் குடும்பங்கள் கடந்துவந்த துயரங்களோடு சேர்த்துக் கற்பிப்பாராயின், கிறித்தவரல்லாத மாணவரும் இவற்றைத் தமதெனக் கொள்வர். தொண்டுப் பட்டியலில் இடம் பெறுவதினும் அதுவே இப்படைப்புகளுக்கு உரிய இடம் என்பது எமது துணிபு.