இயல்பும் வேடமும்: எல்லிஸ் ஆர். டங்கனின் படப்பிடிப்புத்தளக் காட்சிகள்

திரை நட்சத்திரங்களை நடிப்பிற்கு வெளியே காட்டும் பழைய படச்சுருள்கள் இயல்பானவை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. இக்கருத்து மறுஆய்வுக்குரியது. ஹாலிவுட்டில் கொலம்பியா நிறுவனம் பல்லாண்டுகள் வெளியிட்ட ‘ஸ்கிரீன் ஸ்நாப்ஷாட்ஸ்’ குறும்படங்கள் நட்சத்திரங்களின் ஓய்வுப்பொழுதையும் விளம்பரமாக்கின. அங்கு இயல்பும் ஒரு வேடமே.

தமிழ்ச் சூழலில் இதற்கு மாறான சான்று, கரண் பாலியின் ‘அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ (2013) ஆவணப்படத்தில் கிடைக்கிறது. ‘சதிலீலாவதி’ (1936) முதல் ‘மந்திரிகுமாரி’ (1950) வரை தமிழ்ப்படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனின் படப்பிடிப்புத்தளக் காட்சிகள் அதில் இடம்பெறுகின்றன. இவை திரையரங்க விளம்பரத்திற்காக எடுக்கப்பட்டவை அல்ல. எனவே நடிகருடன் கருவியும் பணியாளரும் சட்டகத்துள் வருகின்றனர். எனினும் இவையும் தமிழறியாத ஓர் இயக்குநரின் தெரிவுகளே என்னும் எச்சரிக்கை தேவை.

இவ்வேறுபாடு கொங்குநாட்டுத் திரைவரலாற்றுக்கு இன்றியமையாதது. ‘சதிலீலாவதி’யைத் தயாரித்த மருதாசலம் செட்டியார் கோவையைச் சேர்ந்தவர், ‘மந்திரிகுமாரி’ சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவானது. கோவையின் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களோ பெரும்பாலும் முடிவுற்ற படங்கள், பாட்டுப்புத்தகங்கள், நினைவுக்குறிப்புகள் வழியாகவே ஆராயப்படுகின்றன. இவை நட்சத்திரத்தைக் காட்டும் அளவுக்குத் தளத்தின் உழைப்பைக் காட்டுவதில்லை. ஆகவே, குடும்பங்களிடம் எஞ்சியிருக்கக்கூடிய படச்சுருள்களையும் நிழற்படங்களையும் திரட்டுவதும், அவற்றை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பதைப் பதிவதும் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். அவ்விவரமின்றேல் அரிய காட்சியும் பழமையேக்கத்திற்கு மட்டுமே பயன்படும்; சான்றாகாது.