நகல் என்று சொல்லும் முன்

மைக்கேலாஞ்சலோ 1532-33 வாக்கில் தம் இளம் நண்பர் தொமாசோ தெ கவாலியேரிக்குச் சில சாக்கட்டிப் படங்களைப் பரிசாக வரைந்து தந்தார். கிரேக்கப் புராண இளைஞன் கேனிமீட்டைக் கழுகு தூக்கிச் செல்லும் படம் அவற்றில் ஒன்று. இன்று அந்தப் பொருளில் இரண்டு தாள்கள் பேசப்படுகின்றன. ஒன்று ஹார்வர்டில் இருக்கிறது, மற்றொன்று வின்ட்சர் கோட்டையில். வின்ட்சர் தாளின் நேர்த்தி மலைக்க வைக்கும். ஆனாலும் அது நகல் என்றே கொள்ளப்படுகிறது.

எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? அசலை வரைபவர் தேடித் தேடி வரைகிறார். தோளை ஒருமுறை இழுத்து, மனம் ஒப்பாமல் சற்றுத் தள்ளி மறுபடி இழுப்பார்; அந்தத் தடம் காகிதத்திலேயே தங்கிவிடும். நகலெடுப்பவருக்கு முடிவு முன்பே தெரியும். அவர் கோடு விளிம்பை ஒட்டியே போகும். உள்ளே தசை எங்கே திரும்புகிறது என்ற அறிவு அதில் இராது. நிழற்கோடும் சாட்சி சொல்லும். இடக்கைக்காரரான லியனார்டோவின் கோடுகள் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிகின்றன. வலக்கைச் சீடரின் கோடு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாயும். யாரும் தம் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கலாம் என்பதே இம்முறையின் பெரும் பலம்.

ஆனால் பரிசுப்படம் இந்த அளவுகோலில் அடங்காது. பிறர் பார்ப்பதற்கென்றே மெருகேற்றி முடித்த தாள் அது. திருத்தம் இல்லாததெல்லாம் நகல் என்றால், ஆசானே தம் தேர்ச்சியால் தோற்றுப்போவார். கலை ஆய்வாளர் பெர்னார்ட் பெரென்சன் எவ்வளவு கூர்மையான பார்வையாளர்! அவரே ‘ஆந்திரேயா தி மைக்கேலாஞ்சலோ’ என்றொரு சீடரை ஊகித்து, பல தாள்களை அவர் கணக்கில் சேர்த்தார். வேறு சிலவற்றை ஓவியர் செபாஸ்தியானோ தெல் பியோம்போவுக்குத் தந்தார். 1953இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் பட்டியலைத் தொகுத்த யோஹான்னஸ் வில்டே, இப்படிப் பிரிந்துபோன தாள்கள் பலவற்றை மைக்கேலாஞ்சலோவிடமே திருப்பிச் சேர்த்தார். புதிய தாள் எதுவும் கிடைத்து நடந்த மாற்றமல்ல இது.

‘நகல்’ என்பது தள்ளுபடிச் சொல்லாகிப்போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். முந்தைய தலைமுறை ஓவியர் மசாச்சோவின் சுவரோவியத்திலிருந்து ஓர் உருவத்தைப் பார்த்து மையால் வரைந்த தாள் ஒன்று, 1907இல் பாரிஸில் மைக்கேலாஞ்சலோவின் பாணியைப் பின்பற்றியவர் வேலை என்று விற்கப்பட்டது. 2022இல் மைக்கேலாஞ்சலோவின் பெயரிலேயே 2.3 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதுவும் ஒரு நகல்தான். இளம் மைக்கேலாஞ்சலோ முன்னோரிடம் பாடம் கற்ற தாள்.

‘இன்னாரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதும் அருங்காட்சியகங்கள், அப்படிச் சொல்வதற்கான காரணத்தையும், அந்தத் தாள் முன்பு சுமந்த பெயர்களையும் படத்தின் அடியிலேயே அச்சிட வேண்டும்.